சிறு ட்ரோனும் நம் சிறுவர்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர் பரிசளிப்பின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவனைப் பேச அழைத்தால் அவன் திருக்குறளையோ கம்பராமாயணத்தையோ விரித்துரைப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. ஒரு தேங்காய் மூடியின் கனங்கூட இல்லாததாய், நான்கு விசிறிகளால் எழும்பி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய வல்லதாய், வீட்டுத் திண்ணையில் வைத்தே சிறுவர் செய்துகொள்ளத் தக்கதாய் உள்ள பந்தய ட்ரோனைப் பற்றிப் பேசப் போகின்றேன். நம் சங்கத்து மாணவர் விடுதியில் இதற்கென ஒரு மேசையும் சில கருவிகளும் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று யான் செய்துகொண்ட விண்ணப்பம் நிர்வாகக் குழுவின் முன் இருக்கின்றது. “அது விளையாட்டுச் சாமான் அன்றோ? கல்வி நிதியைக் கொண்டு விளையாட்டுச் சாமான் வாங்கலாமோ?” என்று பெரியோர் சிலர் வினவியிருக்கின்றனர். வினா நியாயமானதே. அதற்கு விடையாகவே இச்சொற்பொழிவைக் கொள்ள வேண்டுகின்றேன்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். பத்திரிகைகள் ஆளில்லா விமானம் என்று எழுதுகின்றன, நன்று. ஆயினும் மோட்டார், பம்பு என்பன நம் காடு தோட்டங்களில் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டாற்போல, ட்ரோன் என்பதும் பட்டறைகளில் புழங்கிவிட்டது. செய்வோர் வாயில் வழங்கும் சொல்லே செய்பொருளுக்குத் தக்க பெயர் என்று கொண்டு யானும் அவ்வாறே சொல்கின்றேன். இவ்விடத்தில் நம்மவர் சிலர் புறநானூற்றின் 27-ஆம் பாட்டை எடுத்துக்காட்டி, ஓட்டுவோன் வேண்டாத விண்ணூர்தி அக்காலத்தே நம்மிடம் இருந்தது என்று களிப்பதுண்டு. அப்பாட்டு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. புலவர் பாடும் புகழுடையோர் துறக்கம் புகுவர் என்பதே அதன் கருத்து. எந்திரம் செய்யும் முறை அதில் யாதும் இல்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவியாகிய விசயையை ஏற்றி அனுப்பிய மயிற்பொறியோ இன்னும் சுவையுடையது. வலமாகத் திருகினால் எழும், இடமாகத் திருகினால் இறங்கும் என்று அதற்கு இயக்கமும் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆயினும் அது திருத்தக்கதேவர் கற்பனையிற் பறந்த மயிலேயன்றிக் கம்மியர் பட்டறையிலிருந்து எழுந்த மயில் அன்று. பழம்பெருமை பேசிப் பொழுது போக்குவோர் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்பது என் அவா. இது நிற்க.

வலம் இடம் என்னும் அவ்விரண்டிலேதான் ட்ரோனின் உயிரும் இருக்கின்றது. நான்கு விசிறிகளுள் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். எல்லாம் ஒரே பக்கம் சுழன்றால் ஊர்தியின் உடல் எதிர்ப்பக்கமாகப் பம்பரம்போல் சுற்றத் தொடங்கும். எதிரெதிராகச் சுழல்வதால் ஒன்றையொன்று ஈடு செய்து நிற்கின்றன. பின்னிரண்டு விசிறிகள் விரைந்தால் மூக்குத் தாழ்ந்து முன்னே பாயும். இடப்பக்கத்து இரண்டும் விரைந்தால் வலப்பக்கம் சாயும். வலஞ்சுழி இரண்டினையும் இடஞ்சுழி இரண்டினையும் வேறு வேறு வேகத்தில் விட்டால் நின்றவாறே முகம் திரும்பும். வால் இல்லை, திருப்பும் இறகு இல்லை, நெம்புகோல் இல்லை. நான்கு மோட்டார்களின் வேகத்தை மாற்றுவது ஒன்றே எல்லாத் தொழிலையும் செய்கின்றது. அவ்வேகத்தை மனிதக் கையால் அவ்வளவு நுட்பமாக மாற்றுதல் இயலாது. ஆதலின் நடுவே ஒரு சிறு பலகை இருக்கின்றது. அதிலுள்ள ஜைரோ என்னும் நுண்கருவி உடலின் சாய்வையும் திருப்பத்தையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து சொல்ல, பலகை அத்தனை முறையும் மோட்டார்களைத் திருத்துகின்றது. அப்பலகைக்கு வேண்டிய பீட்டாஃபிளைட் என்னும் நிரலை, உலகெங்கும் உள்ள ஆர்வலர் கூடி எழுதி, யாரும் விலையின்றி எடுத்தாளும்படி விட்டிருக்கின்றனர்.

மோட்டாரைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் அது நம் நாட்டுப் பொருள். 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்தபின் கோயம்புத்தூரின் ஆலைகளும் கிணறுகளும் அடைந்த மாறுதலை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1937-இல் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்நகரிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினர். அதன்பின் பீளமேடு தொடங்கிக் கணபதி வரையில் பட்டறைகள் பெருகியதும், நம் ஊர் பம்புகள் நாடெங்கும் சென்றதும் யாவரும் அறிந்தவை. நம் குடும்பங்களில் மோட்டார்க் காயில் கட்டும் கடையின் வாயிலில் ஒரு நாளேனும் காத்திராதவர் அரியர். அத்தகைய நம்மிடம் ட்ரோன் மோட்டார் ஒன்றைக் கொடுத்தால் நாம் அதனைக் கண்டு திகைக்க வேண்டுவதில்லை. அதிலும் செம்புக்கம்பிச் சுற்று உண்டு. ஆனால் சுற்றிய பகுதி உள்ளே அசையாது நிற்க, காந்தம் பதித்த வெளிக்குடமே சுழல்கின்றது. கரித்துண்டு இல்லை, ஆதலின் தேய்வு குறைவு. கிணற்று மோட்டாரைப் போலவே இதற்கும் மூன்று கம்பிகள். மோட்டார் தலைகீழாகச் சுழன்றால் தோட்டத்தில் நாம் என் செய்கின்றோம்? மூன்றில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் போடுகின்றோம். இங்கும் அதுவே. என் மாணவன் ஒருவனுடைய தந்தை, பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஏறாதவர், திண்ணையில் உட்கார்ந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலைகீழாகச் சுழன்ற விசிறியைக் கண்டதும், “இரண்டு ஒயரை மாத்திப் போடு தம்பி” என்றார். மகன் கணினியில் விடை தேடிக்கொண்டிருந்தான்.

வேறுபாடு வேகத்திலும் எடையிலும் இருக்கின்றது. நம் கிணற்று மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,880 முறை சுழல்வது. ட்ரோன் மோட்டாரின்மேல் 1404, 3800 கேவி என்றாற்போல் எழுதியிருக்கும். உள்ளிருக்கும் சுற்றுப்பகுதி 14 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் உயரமும் உடையது என்பது முன் எண்ணின் பொருள். ஒரு வோல்ட்டுக்கு, சுமையின்றி, நிமிடத்திற்கு 3,800 சுற்று என்பது பின் எண்ணின் பொருள். நான்கு அறை மின்கலத்தின் 14.8 வோல்ட்டால் இதனைப் பெருக்கினால் 56,000-க்கு மேல் வரும். இத்தனையும் செய்யும் அம்மோட்டாரின் எடை ஒன்பது பத்துக் கிராம். இப்படிப்பட்ட சிறு மோட்டார்களுள் நம் பிள்ளைகள் கைக்கு வருவன பெரும்பாலும் சீன தேசத்திலிருந்து வருவனவே. மோட்டாருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதனை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாமா என்பதைப் பட்டறை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் சிந்திப்பாராக.

இனி எடையைப் பற்றிச் சொல்வேன். என் பேச்சின் மையம் இதுவே. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளாப் பந்தயம் கண்டவர்கள் இக்கூட்டத்தில் மிகுதி. 200 மீட்டர், 300 மீட்டர்த் தூரத்தை நொடிக் கணக்கில் ஓடி முடிக்க வேண்டிய அவ்வண்டியில் வேண்டாத ஒரு சட்டம், ஒரு பலகை இருக்கக் கண்டதுண்டோ? பாரவண்டியைப் பூட்டிக்கொண்டு பந்தயத்திற்கு வருவார் இல்லை. அதே நேரத்தில், இலேசாக இருக்கவேண்டும் என்று அச்சினை இளைக்கச் சீவி வருவாரும் இல்லை. இலேசு வேறு, நொய்ம்மை வேறு. இவ்விரண்டின் வேற்றுமையை அறிவதே இக்கலை.

சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையில் இரு மாணவரும் ஒரு மாணவியும் ஒரு ட்ரோன் செய்தனர். யான் மின்னியல் கற்றவனல்லேன். கணக்கெழுதும் குமாஸ்தாவாக உடனிருந்தேன். நகை நிறுக்கும் சிறு மின்தராசு ஒன்றை முதலில் வாங்கச் சொன்னேன். பொருள் வாங்குமுன் எடையை ஏட்டில் எழுதச் செய்தேன். கார்பன் பைபர்த் தகட்டாலான கூடு 22 கிராம், மோட்டார் நான்கும் 38, மூன்று அங்குல விசிறி நான்கும் 5, மூளைப் பலகை 9, கேமரா 4, படம் அனுப்பும் கருவி 4, கட்டளை வாங்கும் கருவி 2, கம்பி, திருகாணி, இணைப்பி முதலியன 10. ஆக 94. மின்கலம் 56 சேர்ந்து 150 கிராம். நான்கு மோட்டார்களும் கூடி 800 கிராம் அளவு உந்த வல்லவை. எடையைப்போல் ஐந்து மடங்கு விசை. பாய்வதற்கும் சடக்கென்று வளைவதற்கும் இதுவே மூலதனம். இவ்வேட்டை எழுதி முடித்தபின், பிள்ளைகளுக்கு ஆசை மேலிட்டது. வண்ண விளக்குப் பட்டை ஒன்று, பிளாஸ்டிக் மூடி ஒன்று, நீளத் திருகாணிகள், தடித்த கம்பிகள் என்று சேர்த்துக்கொண்டே போயினர். தராசில் வைத்தபோது 27 கிராம் ஏறியிருந்தது. அதனை யான் கண்டித்தேனல்லேன். ஏட்டில் எழுதினேன், அவ்வளவே. மறுநாள் அவர்களே ஒவ்வொன்றாகக் கழற்றினர். விளக்கைக் கழற்றும்போது மட்டும் அந்தப் பெண் சற்று வருந்தினாள்.

பின்னர் எதிர்ப்பக்கத்துப் பிழை வந்தது. எடை குறைப்பதில் சுவை கண்ட ஒருவன் கூட்டின் நான்கு கைகளிலும் துளையிட்டான். இரண்டு கிராம் குறைந்தது. பறக்கவிட்டால் ஊர்தி நடுங்கிற்று. இறக்கித் தொட்டால் மோட்டார்கள் சுட்டன. காரணம் யாதெனில், இளைத்த கைகள் அதிர, அவ்வதிர்வை ஜைரோ உண்மையான அசைவு என்று கொள்ள, பலகை இல்லாத சாய்வைத் திருத்த முயன்று மோட்டார்களை ஓயாது அலைக்கழித்தது. கைகளைப் புதிதாகப் போட்டதும் அமைதியாயிற்று. எதனைக் கழிக்கலாம், எதனைக் கழிக்கலாகாது என்பதை அப்பையன் அன்று கற்றதுபோல் என் இலக்கண வகுப்பில் விகாரப் புணர்ச்சியைக் கற்றிருப்பானாயின் யான் பெரிதும் மகிழ்ந்திருப்பேன்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கின்றது என்பதும் பொருட்டே. பழனிக்குக் காவடி எடுத்தவர் இதனை அறிவர். தண்டின் இரு முனையிலும் சுமை தொங்கினால் திரும்புவது அரிது. தோளுக்கு அருகே இழுத்துக் கட்டினால் எளிது. ஆகவே மின்கலத்தை நடுவில் கட்டுக. கைகளின் நுனியில் மோட்டாரன்றி வேறு எதனையும் வையற்க.

இலேசாக இருப்பதனால் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய பந்தய ட்ரோன் ஐந்து அங்குல விசிறியோடு 600 கிராம் அளவு இருக்கும். ஒரே வேகத்தில் வந்து மோதினால் நம் சிறு ட்ரோனின் தாக்குதல் அதனதில் நாலில் ஒரு பங்கே. தானும் உடையாது, பிறரையும் அத்துணை ஊறு செய்யாது. இதனால் விசிறியில் விரல் கொடுக்கலாம் என்று யாரும் எண்ணற்க, அது வெட்டும். மேசைமேல் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட்டே மின்கலத்தை இணைக்க வேண்டும். இவ்வொரு விதியை யான் திண்ணைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தேன்.

மின்கலத்தைப் பற்றித் தாய்மார்கள் கட்டாயம் அறிய வேண்டும். லித்தியம் பாலிமர் என்னும் இக்கலம் 56 கிராம் எடையில், முழுவிசையில், 30 ஆம்பியர் அளவு கொடுக்கும். அஃது அரைக் குதிரைத்திறனுக்கு மேற்பட்டது! ஆனால் 450 மில்லி ஆம்பியர் மணி என்னும் அதன் இருப்பு அவ்வேகத்தில் ஒரு நிமிடத்திற்குள் தீரும். நிதானித்து ஓட்டினால் மூன்று நான்கு நிமிடம் வரும். இத்துணை ஆற்றலை அடக்கிய பொருளைப் பொரியுருண்டைபோல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியலாகாது. குத்துப்பட்டாலும், மிகையாக மின் ஏற்றினாலும் தீப்பற்றும். அறையொன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது; பறந்து முடித்தபின் 3.5-க்குக் கீழே போக விடாதிருத்தல் நலம்; நாட்கணக்கில் வைப்பதாயின் 3.8 அளவில் வைக்க வேண்டும். அறைகளைச் சமன் செய்து ஏற்றும் கருவியிலேயே, 0.45 ஆம்பியர் அளவில், ஆள் அருகிருக்க ஏற்றுக. ஏற்றும் இடத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காரினுள் விட்டுச் செல்லலாகாது. உப்பிய கலத்தை ஐயமின்றிக் கழித்துவிடுக.

செய்யும் முறையைச் சுருங்கச் சொல்வேன். முதலில் யாவற்றையும் ஈயம் வைக்காமல் கூட்டில் பொருத்திப் பார்த்து, கம்பிகளின் நீளத்தை அளந்து வெட்டுக. பின்னர் மோட்டார்க் கம்பிகளையும் மின்கலக் கம்பியையும் பலகையில் ஈயப்பற்று வைக்க. மின்கலக் கம்பியின் அடியில் ஒரு மின்தேக்கி இருந்தால் படமும் ஜைரோவும் கலங்கா. கார்பன் பைபர் மின்சாரத்தைக் கடத்தும்; ஆதலின் தோலுரிந்த கம்பி கூட்டைத் தொடலாகாது. முதன்முறை மின்கலம் இணைக்கும்போது நம் எலக்ட்ரீஷியன்மார் சீரியஸ் விளக்கு வைத்துச் சோதிப்பதுபோல, இடையே ஒரு பல்பு வைத்து இணைக்க. எங்கேனும் குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு எரியும், பலகை பிழைக்கும். அதன்பின் நிரலில் மோட்டார்களின் திசையையும், தொடர்பு அறுந்தால் தானே நின்று விழும் ஏற்பாட்டையும் சரிபார்த்து, கடைசியிலேயே விசிறி பூட்டுக. உடனே மைதானத்திற்கு ஓடவேண்டா. கட்டுப்பாட்டுக் கருவியைக் கணினியில் இணைத்துத் திரையில் ஓட்டிப் பழகும் வகை இருக்கின்றது. இருபது மணி நேரமாவது அதில் விழுந்து எழுந்தால் செலவின்றி விழுந்தவர் ஆவர்.

இதனால் என்ன பயன் என்பார்க்கு உலகச் செய்திகள் சில. 2016-இல் துபாயில் நடந்த பெரும் பந்தயத்தில் இரண்டரை லட்சம் டாலர் பரிசை வென்ற அணியின் ஓட்டுநர் லூக் பானிஸ்டர் என்னும் ஆங்கிலேயச் சிறுவர், வயது 15. 2018-இல் சீனத்தின் ஷென்சென் நகரில் நடந்த உலகப் போட்டியில் வென்ற ஆஸ்திரேலியர் ரூடி பிரவுனிங்குக்கும் வயது 15. அதே 2018-இல், சென்னை எம்.ஐ.டி. வளாகத்தைச் சேர்ந்த தக்ஷா அணியினர், நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருக்க, ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றனர். இவற்றைக் காட்டி, உங்கள் மக்கள் யாவரும் பரிசு வெல்வர் என்று சொல்ல வந்தேனல்லேன். பந்தயத்தில் வெல்பவர் ஒருவரே. ஆனால் தன் கையால் கட்டியதைத் தானே உடைத்துத் தானே சீர் செய்பவன் பந்தயத்தில் தோற்றாலும் தொழிலில் தோற்பதில்லை. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், பள்ளிப்படிப்பு மிகாதவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே எந்திரத்தைக் கற்றார்; 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். இன்று கடையில் வாங்கும் ஆயத்த ட்ரோனோ திருகாணியைக் கூடத் தொடவிடுவதில்லை. பழுதானால் பெட்டியோடு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு தாய் என்னிடம், “ஏனுங்க வாத்தியாரே, இந்த வண்டு பறக்கறதுக்கா இருபதாயிரம் ரூபாய்ங்க?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் தகும். கண்ணில் மாட்டிப் படம் பார்க்கும் கண்ணாடி, கட்டுப்பாட்டுக் கருவி, மின் ஏற்றும் கருவி, சால்டரிங் அயர்ன் யாவும் சேர்த்தால் அத்தொகையைக் கடந்துவிடும். ஒரு குடும்பம் தாங்கத்தக்கதன்று. ஆனால் கூர்ந்து நோக்கின், இத்தொகையில் பெரும்பகுதி பறப்பவற்றுக்கன்று, தரையில் இருப்பவற்றுக்கே. தரையில் இருப்பன உடைவதில்லை. பத்துப் பேர் மாறி மாறி ஆளலாம். ஆகவேதான் அவற்றை விடுதியில் பொதுவில் வைக்க வேண்டும் என்கின்றேன். பறக்கும் ஊர்தியைப் பிள்ளைகள் மூவர் நால்வராகக் கூடித் தம் பொறுப்பில் செய்துகொள்ளட்டும். பெண் குழந்தைகளுக்கும் அம்மேசையில் சம இடம் வேண்டும். ஈயப்பற்று வைப்பதில் என் திண்ணையில் முதலிடம் பெற்றவள் பெண்ணே.

சட்டத்தையும் சொல்லிவிடுகின்றேன். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாதது நேனோ வகுப்பு. அதனை ஓட்ட ஓட்டுநர் சான்று வேண்டுவதில்லை. நம் 150 கிராம் அதனுள் அடங்கும். 2022 பிப்ரவரியில் ஆயத்த ட்ரோன்களின் இறக்குமதியை அரசு தடுத்தபோதும் உறுப்புகளைத் தடுக்கவில்லை. வீட்டில் செய்வோர்க்கு அது வழிவிட்டது. ஆனால் எங்கும் பறக்கலாம் என்பதன்று. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. விமான நிலையத்தைச் சூழ்ந்த 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதியின்றி எழுப்பலாகாது. தடையற்ற பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் செல்லலாகாது. அரசு வெளியிட்டுள்ள வான்வெளிப் படத்தைப் பார்த்தே இடம் தேர்க. ஓட்டுபவன் கண்ணாடிக்குள் முகம் புதைத்திருப்பான். ஆதலின் வெறுங்கண்ணால் ஊர்தியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒருவன் நிற்றல் வேண்டும்.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் வீசும் வீச்சில் 150 கிராம் எம்மட்டு? தை அறுவடைக்குப்பின், காற்று அடங்கிய காலை வேளைகளே புதியவர்க்கு ஏற்றவை. நகருக்கு அப்பால், மின்கம்பி குறுக்கிடாத அறுவடைக் காடு இரண்டு ஏக்கர் கிடைத்தால் மூங்கிலை வளைத்து நட்டு ஐந்தாறு வாயில்கள் அமைத்துவிடலாம். அத்தகைய காட்டினைத் தை, மாசி இரு மாதங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமுள்ள அங்கத்தினர்கள், ஊர்ப்பெயரும் அளவும் குறித்துச் சங்கச் செயலாளரிடம் மார்கழிக்குள் தெரிவிக்க வேண்டுகின்றேன்.